மூடியில்லாத கேன்

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
ஏழாம் நம்பர் தண்ணீர்ச் சாவடி என்னுடையது.
என்னுடையது என்றால்
சாவி என்னிடம், மற்றதெல்லாம் நகராட்சியிடம்.
ஒரு முழ ஜன்னல்.
யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் பேதி,
யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது
எல்லாம் எனக்குத் தெரியும்.
தண்ணீர் சொல்லிவிடும்.

தெரிந்தும்,
முந்தைய பனிக்காலத்தில்
சொயோல்மா இரண்டு வாரம் வரவில்லை.
ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.
அவள் ஊருக்குப் போகவில்லை.

அவளைப் புதைத்துவிட்டு வந்த அன்று
இந்தச் சாவடிக்குள் ஆறு பேர் நின்றோம்.
உட்கார இடமில்லை.
"போலீஸ் வர நாற்பது நிமிஷம்.
அதுவரைக்கும்?"
டாக்ஸி ஓட்டும் குர்பசார் கேட்டான்.
"அதுவரைக்கும் நாம்"
என்றாள் நிலக்கரி விற்கும் ஹொங்கோர்சூல்.
அடிக்கிற கைதான் அணைக்கும் என்றார் ஒரு பெரியவர்.
யாரும் பதில் சொல்லவில்லை.
மறுநாள் அவரே வந்து
தன் டார்ச் லைட்டை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

குறி ஒன்று வைத்தோம்:
மூடியில்லாத கேனோடு யார் வந்தாலும்
கேள்வி கேட்கக் கூடாது.
பள்ளி நர்ஸ் எர்தெனெசிமெக்
பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிவைத்தாள்,
பல் துலக்கச் சொல்லிக்கொடுத்த கையோடு.

ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநான்கு.
தள்ளுவண்டியில் இரண்டு மஞ்சள் கேன்.
அனுஜின், ஒன்பது வயது.
"மூடி தொலைஞ்சு போச்சு, அத்தை."

அத்தை என்றது மரியாதைக்கு அல்ல.
அவள் அப்பன் என் தம்பி.
பனியில் முதுகில் சுமந்து
நான் பள்ளிக்கூடம் சேர்த்தவன்.
என் வாயில் மென்ற இறைச்சியைத் தின்று
பல் முளைத்தவன்.

யோசித்தேன்.
பொய் சொல்வானேன்,
ஒரு கேன் நிறையும் நேரம் யோசித்தேன்.
வழிந்த தண்ணீர் வண்டியின் சக்கரத்தில்
விழும்போதே உறைந்தது.
பிறகு போனை எடுத்தேன்.

கம்பு, கத்தி எதுவும் இல்லை.
குர்பசார் காரின் முகப்பு விளக்கை
கதவுக்கு நேராகப் போட்டுவிட்டு
எஞ்சினை அணைக்காமல் நின்றான்.
ஹொங்கோர்சூல் வேலிக்கு வெளியிலிருந்து கத்தினாள்:
"மூணு மூட்டை நிலக்கரி பாக்கி!"
"இந்த நேரத்திலயா?"
"இந்த நேரத்திலதான்."
வெளியே வந்தான். வெளிச்சத்தில் கண் கூச
கடைசியாக என்னைப் பார்த்தான்.
"அக்கா, நீயுமா?"

அவன் பின்னாலிருந்து நர்மந்தாக்
கோட்டுக்குள் சின்னவனை மூடிக்கொண்டு
காலுறையோடு நடந்து வந்தாள்.
என் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தேன்.
அதைச் செய்ததால் தம்பிக்குப்
பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
நாற்பத்திரண்டாவது நிமிஷம் போலீஸ் வந்தது.

சனிக்கிழமை, நர்ஸின் வேலிக்குள்
ஒரு கெர் எழுப்பினோம்.
மரப்பின்னல் சுவர் ஒரு வீட்டிலிருந்து,
கம்பளிப் போர்வை மூன்று வீட்டிலிருந்து.
நிறம் சேரவில்லை, பரவாயில்லை.
மதியத்துக்குள் புகைபோக்கியில் புகை.
நர்மந்தாக் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்,
திறந்தாள், மறுபடி போட்டாள்.
மறுபடி.
வெளியே நாங்கள் பத்துப் பேர்
குளிரில் அந்த டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.
யாரும் அவசரப்படுத்தவில்லை.

அம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை.
தம்பி தண்ணீருக்கு வருகிறான். கொடுக்கிறேன்.
வியாழக்கிழமை ஆண்கள் கூடுகிற இடத்துக்கு
குர்பசார் அவனைக் கூப்பிட்டிருக்கிறான்.
போவானா, தெரியாது.

நேற்று அனுஜின் வந்தாள்.
"அத்தை, மூடி..."
என் கை போனுக்குப் போய்விட்டது.
"...இறுகிப் போச்சு. திறக்க வரல."
பால் தேநீரைக் கொஞ்சம் மூடி மேல் ஊற்றினேன்.
மீதியை அவள் குடித்தாள்.